நாலு நாலாகக் கத்தரித்த மாத்திரை

இன்று காலை காலடிப்பேட்டையில் என் மருந்துக்கடைக்கு வந்தவரின் சட்டையில் டீசலும் மீனும் கலந்த வாடை அடித்தது. காய்ச்சலுக்கு நாலு மாத்திரை கேட்டார். ஒரு நொடி நீதான் வந்து நிற்கிறாய் என்று நினைத்துவிட்டேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்க என்றேன். முறைத்துவிட்டு அடுத்த மருந்துக்கடைக்குப் போனார்.

நீயும் அப்படித்தான் கேட்பாய். விசைப்படகு ஓட்டுகிறவன், போனால் பத்து நாள் கடல். டாக்டரிடம் போக உனக்கு எங்கே நேரம்? "இன்னா அண்ணாச்சி, நீயே பாதி டாக்டரு, வெட்டிக் குடு" என்பாய். அந்தப் பேச்சில் எனக்குத் தலைகால் புரியாது. சீட்டு இல்லாமலே ஆன்டிபயாட்டிக் அட்டையில் நாலு மாத்திரை கத்தரித்துக் கொடுப்பேன். இரண்டாம் நாள் காய்ச்சல் விடும், நீ படகேறிவிடுவாய். கரைக்கு வரும்போது காய்ச்சலும் கூடவே வரும். மறுபடி நாலு. இப்படியே இரண்டு மாதம் ஓட்டினோம். நீ இளைத்துக்கொண்டே வந்தாய், நான் அதை வைத்தும் கிண்டல் செய்தேன்.

ஒருநாள் மாத்திரை வாங்க நீட்டிய கையில், நகங்களுக்கு அடியில் கருஞ்சிவப்பாக மெல்லிய கோடுகள்.

"என்னவே இது?"

"வலை இழுக்க சொல்ல முள்ளு ஏறிக்கீது, வுடு."

நானும் விட்டேன். மீன் பிடிக்கிறவன் கையில் முள் ஏறுவது என்ன புதிதா?

அது முள் இல்லை, உள்ளே கசிந்த ரத்தம். ஒரு பக்கம் கைகால் விழுந்து உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது. சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சலில் உன் இதய வால்வு ஒன்று பழுதாகியிருந்ததாம். கிருமி அதில் போய் ஒட்டி வளர்ந்திருக்கிறது. அதிலிருந்து பிய்ந்த துணுக்குதான் மூளைக்குப் போய் அடைத்தது.

"ரத்தப் பரிசோதனைல கிருமி பிடிபடல. இடையில ஏதோ ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கார், அதுதான் கிருமியை மறைச்சிருக்கு. என்ன மருந்துன்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும்" என்றார். உன் மனைவி கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

தெரியாது என்று சொன்னேன்.

எட்டாம் நாள் நீ போய்விட்டாய். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாயா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கடையை மூடிவிடுவார்களே என்ற பயம்தான் அன்றைக்கு என் வாயைக் கட்டியது. வேறு சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

உன் மனைவி இன்னும் என் கடைக்குத்தான் வருகிறாள். போன வாரம் நாலு பேர் நிற்கும்போதே சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு அத்தினி நாள் எய்ந்து நடமாடிக்கினு இருந்தாருன்னா, அண்ணாச்சி குடுத்த மாத்திரைலதான்."

நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.