புகையைப் பார்க்கத் தவறினேன்

சனிக்கிழமை, இரவு பதினொன்றரை. தருமபுரி, பள்ளி விடுதி.

பாப்பாவுக்குச் சுரம் இறங்கிவிட்டதாம். வீட்டுக்காரர் இப்போதுதான் பென்னாகரத்திலிருந்து போனில் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மாவட்ட ஓட்டப் போட்டியில் எனக்கு நேரம் பார்க்கும் வேலை. "துப்பாக்கிப் புகை தெரிஞ்சதும் வாட்ச்ச அமுக்குங்க டீச்சர். சத்தம் கால் செகண்டுக்கு மேல லேட்டாத்தான் வரும்" என்று பி.டி. சார் காலையிலேயே சொன்னார். நூறு மீட்டர் தகுதிச் சுற்றில், துப்பாக்கி வெடிக்கும் நேரத்தில் கையிலிருந்த போன் அதிர்ந்தது. பாப்பா விஷயமாக இருக்குமோ என்று குனிந்தேன். சத்தம் கேட்டுத்தான் வாட்ச்சை அமுக்கினேன். அதனால் நான் நேரம் பார்த்த பெண்ணுக்கு நேரம் குறைவாக விழுந்து, கடைசி ஆளாக இறுதிப் போட்டிக்குத் தேர்வானாள். வத்தல்மலைப் பெண் ஒருத்தி வெளியே போனாள்.

அந்தப் பிள்ளை என்னிடமே வந்து, "எவ்ளோங்க மிஸ் வித்தியாசம்?" என்றாள்.

"ஒரு பாயிண்ட்டுதான்மா. செகண்ட்ல பத்துல ஒரு பங்கு."

"அவ்ளோதானுங்களா! காலைல ரெண்டு இட்லி கம்மியா தின்னுருந்தா புடிச்சிருப்பேங்க" என்று சிரித்தாள்.

போனில் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "பேசாம தூங்குடி. யாரு கேக்கப் போறாங்க?" என்றார்.

வத்தல்மலைப் பெண் மாலை வண்டியில் மலைக்குப் போய்விட்டாள். நாளைக் காலை பத்து மணிக்கு இறுதி ஓட்டம். இப்போதே தகவல் போனால்தான் வந்து சேர முடியும். சொன்னால் தேர்வானவளின் இடம் போகும். அவள் தன் அப்பாவிடம் போனில் சந்தோஷத்தில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

நடந்ததையெல்லாம் எழுதி பி.டி. சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது; அவர் போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இன்னும் அழிக்க முடியும்.