சஃப்தர்ஜங்கில் கோணலாக இறங்குவது

கம்ப்யூட்டரைப் போட்டதும் தூசி கருகும் வாடை வந்தது. நவம்பரில் பரணிலிருந்து ஹீட்டரை இறக்கி முதல் தடவை போடும்போது வருமே, அதே வாடை. உள்ளே விசிறி இரையத் தொடங்கியது. மேஜைமேல் மூன்று மானிட்டர்களும் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. "டீ போடவா?" என்று உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் ஸ்விட்சைப் போட்டதே நான்தான் என்பது உறைத்தது. அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, உங்கள் மேல்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன பிறகு, திரையில் விமானம் ஓட்டும் சாஃப்ட்வேர் போட்ட இந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. மயூர் விஹார் வீட்டு ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு, பழைய போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. தீபாவளிக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வைத்தான் நம் மகன் கார்த்தி. வந்தவர்கள் என்னைக் கேட்காமலே எல்லா வயரையும் உருவி ஒரு பக்கெட்டில் போட்டு, மானிட்டர்களைப் பால்கனியில் அடுக்கிவிட்டார்கள். சரி, போகட்டும், அரசாங்க ஆபீசின் கம்ப்யூட்டர் பிரிவிலேயே சர்வீஸ் முழுக்கக் குப்பை கொட்டியவளுக்கு மூன்று மானிட்டரைத் திரும்ப மாட்டத் தெரியாதா என்று உட்கார்ந்தேன். அந்தத் திமிருக்கு நன்றாகவே பட்டேன்.

முதல் நாள் மூன்று காட்சிகளும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்தன. மற்ற இரண்டும் கறுப்பு. ஒவ்வொன்றையும் மவுஸால் இழுத்து அதனதன் இடத்தில் விட்டால், விமானத்தின் இடது ஜன்னலில் தெரியவேண்டியது வலது திரையில் போய் உட்கார்ந்துகொண்டது. கேபிளை மாற்றிச் செருகினேன். கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு மானிட்டர்களுக்கு நம்பர் கொடுத்தது; நான் இரண்டு என்பதை அது மூன்று என்றது. ஒருவழியாகச் சரிசெய்து அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் பழையபடி முதலிலிருந்து. நடுத் திரை நீங்கள் பிறகு வாங்கியது, மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் பெரியது. அதனால் இடது திரையில் ஒழுங்காக ஓடும் யமுனை, நடுத் திரைக்கு வரும்போது இரண்டு விரல் மேலே ஏறிக்கொண்டது. ஆறு மேட்டில் ஏறுகிற அதிசயத்தை நம் வீட்டில்தான் பார்க்கலாம்.

நீங்கள் ஒரு தடவை இதைச் செட் பண்ணி வைத்தீர்கள். பிறகு அது அசையவே இல்லை. எப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. இத்தனைக்கும் கம்ப்யூட்டர் படித்தவள் நான். நீங்கள் காலமெல்லாம் ஃபைல் பார்த்தவர்.

உங்களுக்கு விமானத்தின் மேல் ஏன் அப்படி ஒரு பித்து என்பது எனக்குத் தெரியும். லோதி ரோடு குவார்ட்டர்சில் இருந்த காலத்தில், சஃப்தர்ஜங் பழைய விமான நிலையத்துச் சுவர் ஓரமாகத்தான் சைக்கிளில் ஆபீசுக்குப் போவீர்கள். உள்ளே சின்ன விமானம் ஒன்று எழும்பினால் போதும், ஒரு காலைத் தரையில் ஊன்றி அப்படியே நின்றுவிடுவீர்கள். அன்று ஆபீசுக்கு லேட். அரசாங்கச் செலவில் ஊருக்குப் போக எல்.டி.சி. எடுத்தால் உங்கள் கிரேடுக்கு ரயில்தான். சர்வீஸ் முடிகிற தறுவாயில்தான் முதல் தடவை விமானத்தில் போனோம். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். நான் மதுரை வரும்வரை தூங்கினேன். "ஒரு ஜன்னல் சீட்டு வீணாப் போச்சு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள். ரிட்டையரான கையோடு முதல் மானிட்டர் வீட்டுக்கு வந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவோம். இடப்பக்க நாற்காலியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நீங்கள், வலப்பக்க நாற்காலியில் பட்டாணி உரித்துக்கொண்டு நான். பெரிய ஏர்போர்ட்டில் எழும்பி, யமுனைமேல் ஒரு சுற்று, நம் வீட்டு மாடி தெரிகிறதா என்று ஒரு தேடல், கடைசியில் சஃப்தர்ஜங்கில் இறக்கம். "எங்க, புகையையே காணோம்? இது டெல்லியே இல்ல" என்பேன். "அதுக்குத்தான மேல வந்துருக்கோம், நல்லா மூச்சு விட்டுக்கோ" என்பீர்கள்.

மேலே பறக்கும்போது ஒரு குறையும் இருக்காது. இறக்குவதுதான் கோணல். ஒவ்வொரு தடவையும் ரன்வேயை விட்டு வலப்பக்கம் ஒதுங்கிப் புல்லில் சக்கரத்தைப் பதிப்பீர்கள். எனக்கோ ரன்வே கோடு போட்ட மாதிரி நேரே தெரியும். கண்ணுக்கு நேரே இருப்பதை விட்டுவிட்டு ஏன் இந்த மனிதர் புல்லுக்குப் போகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இம்புட்டு அகலமா ரோடு போட்டு வச்சிருக்கான், அதுல எறக்கத் தெரியல. சைக்கிளும் இப்படித்தான் ஓட்டுனியளா?"

"கூட வந்த ஆளு பத்திரமா எறங்கியாச்சுல்லா, பெறகென்ன?"

அதோடு விடமாட்டீர்கள். "ஏளா, ஒனக்கு எல்லாம் நேராத் தெரிஞ்சுதா?" என்று கேட்பீர்கள். "எனக்கு நேராத்தான் தெரியுது. ஒங்களுக்குத்தான் கண்ணு கோணல்" என்பேன். சிரிப்பீர்கள். கார்த்தி வந்தால் அவன் முன்னாலும், உங்கள் ஆபீஸ் நண்பர்கள் வந்தால் அவர்கள் முன்னாலும் இதே பாட்டுத்தான்.

போன வாரம் கார்த்தி குர்கானிலிருந்து போன் செய்தான். "அம்மா, அந்தக் கம்ப்யூட்டர் சும்மா பேகார்ல கெடக்கு. எனக்கு ஆபீஸ் வேலைக்கு அந்த மாதிரி ஒண்ணு வேணும். சண்டே வந்து எடுத்துக்கறேன், அச்சா?" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. ஓட்டுகிறவர் போன பிறகு ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு அது எதற்கு? எனக்குத்தான் கொடுக்க மனசு வரவில்லை. உங்கள் சட்டைகளைக் கொடுத்தாயிற்று, செருப்பையும் கொடுத்தாயிற்று. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்த அந்தக் காட்சி ஒன்றுதான் முழுசாக மிச்சம் இருந்தது. அதையும் பெயின்டர்கள் கலைத்துவிட்டார்கள். அவன் வருவதற்குள் ஒரே ஒரு தடவை அதை அப்படியே திரும்பப் பார்த்துவிட வேண்டும், பிறகு கொண்டுபோனால் போகட்டும் என்று நினைத்தேன்.

நினைத்தால் போதுமா? யமுனையை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். இடது இடத்திலும் வலது வலத்திலும் நின்றன. ஆனால் என் நாற்காலியில் உட்கார்ந்து விமானத்தைக் கிளப்பினால் தலை சுற்றியது. ரன்வே எங்கோ இடப்பக்கம் கோணிக்கொண்டு போனது. எந்தத் திரை எத்தனை டிகிரி திரும்பிக் காட்டவேண்டும் என்று சாஃப்ட்வேர்க்காரர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்து, அதன்படியே போட்டேன். மறுபடி சுற்றல். மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன், மவுஸ் கீழே விழுந்தது. ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா என்று உங்களை வாயில் வந்தபடி திட்டினேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெண் மணியடித்து, "ஆன்ட்டி, சப் டீக் ஹை?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

கடைசியில் நேரு பிளேஸிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஓர் ஆளை வரவழைத்தேன். வந்தவர் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டே வேலை செய்தார். சட்டென்று உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் போனதிலிருந்து யாரையும் அதில் நான் உட்கார விட்டதில்லை. நானும் உட்கார்ந்ததில்லை. வந்த மனிதரிடம் என்னவென்று சொல்வது? கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்ததாக, "ஹோ கயா, மேடம்ஜி" என்றார். என் நாற்காலியிலிருந்து பார்த்தேன். அதே கோணல், அதே சுற்றல்.

எனக்கு வந்ததே கோபம். என்ன ஹோ கயா, ரன்வே எந்தப் பக்கம் போகிறது பாரும் என்று ஹிந்தியில் பொரிந்து தள்ளிவிட்டேன். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று உங்கள் நாற்காலியைக் காட்டினார். ஓட்டுகிறவர் உட்காருகிற இடம் இதுதானே, இங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றார். இது ஏதாவது ஒரு நாற்காலிக்குத்தான் நேராகத் தெரியும், இரண்டுக்கும் நேராக வைக்க முடியாது, எதற்கு வேண்டும் என்று சொல்லுங்கள். "ஜல்தி, மேடம்ஜி. இன்னொரு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது."

உட்கார்ந்தேன். உங்கள் நாற்காலியில், முதல் தடவையாக. ரன்வே நூல் பிடித்த மாதிரி நேரே நின்றது. தலையும் சுற்றவில்லை. அவர் செய்ததில் தப்பே இல்லை. அப்படியானால் இத்தனை வருஷமும் என் நாற்காலிக்கு நேராகத் தெரிந்ததே, அது எப்படி?

அவர் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மெல்ல நினைவுக்கு வந்தது. மூன்று மானிட்டரும் சேர்ந்த புதிதில் நான் உங்கள் பக்கத்தில் உட்காரவே மாட்டேன். "எனக்குத் தலை சுத்துது, நீங்களே ஓட்டுங்க" என்று எழுந்து உள்ளே போய்விடுவேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை பூராவும் நீங்கள் எதையோ நோண்டிக்கொண்டிருந்தீர்கள். என் நாற்காலியில் உட்காருவது, எழுந்து வந்து எதையோ மாற்றுவது, திரும்பப் போய் என் நாற்காலியில் உட்காருவது. "என்ன, தனியா மியூசிக்கல் சேர் ஆடுதியளா?" என்று கேட்டேன். மறுநாள், "ஏளா, இப்ப வந்து உக்காரு பாப்போம்" என்றீர்கள். உட்கார்ந்தேன். சுற்றவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பட்டாணி உரிக்க ஆரம்பித்தேன்.

எனக்கு ஒன்றும் பழகவில்லை. மூன்று திரைகளையும் என் நாற்காலிக்குத் திருப்பி வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து ஓட்டுகிற உங்களுக்குத் தெரிந்தது கோணல் ரன்வே. அதில்தான் இறக்கினீர்கள். இறக்கிவிட்டு என்னிடம் திட்டும் வாங்கிக்கொண்டீர்கள்.

ஏன் சொல்லவில்லை? அத்தனை பேர் முன்னால் நான் உங்களைக் கேலி செய்தபோது, உனக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்து மாற்றச் சொல்லியிருப்பேன், பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்க மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை, தெரிகிறது. தெரிந்தால் மட்டும் ஆத்திரம் அடங்கிவிடுமா? உயிரோடு இருக்கிற ஆளிடம் நாலு வார்த்தை கேட்கலாம். இப்போது நான் யாரைப் போய்க் கேட்பது?

எழுந்து என் நாற்காலிக்கு மாறினேன். நீங்கள் போட்டு வைத்த கோணம் எது என்று எங்கும் இல்லை, பெயின்டர்கள் வயரை உருவியதோடு அது போயிற்று. என் தலையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு டிகிரியாகத் தள்ளுவேன், விமானத்தைக் கிளப்புவேன், சுற்றினால் தப்பு என்று அர்த்தம். ஒரு தடவை குமட்டியே விட்டது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு மறுபடி உட்கார்ந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் சுற்றல் நின்றது. யமுனை வந்தது, நம் வீட்டு மாடி வந்தது, சஃப்தர்ஜங் ரன்வே என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. நீங்கள் விட்டுப்போனபடியே, கொஞ்சம்கூட மாறாமல். அப்போதுதான் அழுதேன்.

மறுநாள் கார்த்தி அட்டைப்பெட்டிகளோடு வந்தான். "ஒரு தடவை பாத்துட்டுப் பெறகு கொண்டு போ" என்று வலப்பக்கம் உட்காரவைத்தேன்.

"பெர்ஃபெக்டா இருக்கும்மா. ரன்வே ஏக்தம் ஸ்ட்ரெய்ட்."

"அங்க இருந்து பாத்தா அப்படித்தான். ஒங்க அப்பா எடத்துக்கு வந்து எறக்கு, பாப்போம்."

வந்தான். இறக்கப் பார்த்தான். விமான நிலையத்துச் சுவரில் போய் மோதினான். மறுபடி முயன்றான், மறுபடி சுவர். காரும் பைக்கும் தண்ணீர் பட்ட பாடாக ஓட்டுகிறவன்.

"செட்டிங் ராங்மா. இதுல யாராலயும் லேண்ட் பண்ண முடியாது."

"ஒங்க அப்பா பண்ணுனாங்க" என்றேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, காலி அட்டைப்பெட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அவனைப் போகாதே என்றும் சொல்லவில்லை, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை.

இப்போது தினமும் நான் உங்கள் நாற்காலியில்தான் உட்காருகிறேன். வலப்பக்கம் யாரும் இல்லை. திரைகளை ஓட்டுகிறவர் பக்கம் திருப்பிக்கொள்ள எனக்கு இப்போது ஒரு நிமிஷம் போதும். திருப்பமாட்டேன். யமுனையைச் சுற்றி வந்து, கோணலாகக் கிடக்கும் அந்த ரன்வேயைப் பார்த்து, கண்ணை இடுக்கி, கழுத்தைச் சாய்த்து, என்னென்னவோ கணக்குப் போட்டு இறக்கிப் பார்க்கிறேன். ரன்வே கிடக்கட்டும், புல்கூட எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. இன்று சாயங்காலமும் சுவரில்தான் மோதினேன். இந்தக் கோணலையும் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் என் வாயையும் கேட்டுக்கொண்டு, வாரா வாரம் எப்படித்தான் இறக்கினீர்கள்?