திரும்பிப் பார்க்காத கேப்டன்

ஹெஸல் ரோடு, ஹல்
1962 மார்ச், வியாழக்கிழமை

அன்புள்ள தம்பி சிரிலுக்கு,

அக்கா ஹில்டா எழுதுவது. தபால்காரர் திண்டாடக் கூடாதே என்று, நீ சினிமாவுக்காக வைத்துக்கொண்ட ஜூலியன் என்ற பெயரை உறைமேல் எழுதியிருக்கிறேன். உள்ளே நீ சிரில்தான். நான் நலம். மீன் அறுக்கும் வேலையும் கை வெடிப்பும் அப்படியே இருக்கின்றன. அப்பாவுக்கு இருமல் குறையவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதை நேரில் சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. என் படத்தைப் பார்த்து ஹல் ஊரே சிரித்ததாமே, இனி அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன், வீட்டுக்கு வராமலே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சிரித்தது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் நடந்ததை முழுக்கக் கேள்.

முதல் நாளே நம் தெரு முழுவதும் தியேட்டரில் இருந்தது. எத்தனை வருஷமாக உன்னைத் தட்டு ஏந்தும் வேலைக்காரனாகவும், ஆரம்பத்திலேயே குண்டடி படும் பட்டாளத்துக்காரனாகவும் தேடித் தேடிப் பார்த்திருக்கிறோம்! பக்கத்து வீட்டு மேவிஸ் "அதோ நம்ம சிரிலு" என்று கத்துவதற்குள் நீ செத்திருப்பாய். இந்தப் படத்திலோ மீன்பிடிக் கப்பலின் கேப்டனே நீதான். திரை முழுக்க உன் முகம். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

அப்புறம் வந்தது அந்தக் காட்சி. கப்பல் புறப்படுகிறது. உன் பெண்டாட்டியாக நடித்தவள் துறையில் நின்று கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டுகிறாள். கடலுக்குப் போகிறவனுக்குக் கையாட்டினால் கடல் அவனைக் கொண்டுபோய்விடும் என்று, வழியனுப்பக்கூடத் துறைக்குப் போகாதவர்கள் நாம். "அடிப்பாவி, புருஷனக் கொல்லப் பாக்குறாளே!" என்று மேவிஸ் அலறினாள். "அடுத்த ஆள ஏற்கெனவே பாத்துட்டா போல" என்றார் பின்வரிசையில் ஒருத்தர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ டைரக்டரிடம் சொல்லித்தான் பார்த்திருப்பாய், அவர் கேட்டிருக்க மாட்டார்.

அப்பாவும் வந்திருந்தார். உன் படம் ஒன்றைக்கூடப் பார்க்காதவர். ஒரே பயணத்தோடு கப்பலை விட்டு நீ நாடகக் கம்பெனிக்கு ஓடியபோது "கடலுக்குப் பயந்த பய" என்று சொன்னவர். அந்தச் சிரிப்புக்கு நடுவே தடியை ஊன்றி எழுந்தார். போச்சு, வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன்.

"வாய மூடுங்க எல்லாரும். அவ லண்டன்காரி, அவளுக்கு என்ன தெரியும்? எம் பையனப் பாருங்க. திரும்பிப் பாத்தானா?" என்றார்.

அப்போதுதான் நாங்கள் உன்னைப் பார்த்தோம். அவள் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், நீ துறைக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறாய். கழுத்து மட்டும் லேசாக விறைக்கிறது. நம் ஆண்கள் புறப்படும்போது நிற்கிற நிற்பு அது. யாரும் சொல்லிக்கொடுத்து அது வராது. அதற்குப் பிறகு கடைசிவரை ஒருவரும் சிரிக்கவில்லை.

படம் முடிந்ததும் கப்பல்காரர்கள் வரிசையாக வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "பரவால்ல, கப்பல்ல நிக்கத் தெரியுது" என்றார் அப்பா. அதற்குமேல் ஒரு பாராட்டு அவர் வாயிலிருந்து யாருக்கு வந்திருக்கிறது?

அமெரிக்கா எங்கும் ஓடிவிடாது, தம்பி. அப்பா உன்னை வரச்சொல்லி எழுதச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். உன் கப்பல் என்றைக்கு என்று மட்டும் போன வாரம் செவ்வாய்க்கிழமை கேட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் முகச்சவரம் செய்து, தேவாலயத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். ஏன் என்று கேட்டால், "இங்கதான் காத்து வருது" என்கிறார். கதவு சாத்தித்தான் இருக்கிறது, சிரில்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். டாக்டர் சொன்னதை வைத்துச் சொல்கிறேன், சனிக்கிழமைக்குள் வந்துவிடு.

உன்னை எப்போதும் நினைக்கும் அக்கா,
ஹில்டா பிளென்கின்