இரும்பு அலுமாரிக்கு ஒரு சுவர்

2006 செப்டம்பர் 9, சனி. ரொம்மன்.

இன்று மகள் வேட்டைத் துவக்கு வாங்கினாள். வேலையிடத்துச் சிநேகிதிகளோடு எல்க் மான் வேட்டைக்குப் போகிறாளாம். கூடாரமும் தூண்டிலும் விற்கிற பெரிய கடைக்கு நானும் கூடப் போனேன். மலிவான துப்பாக்கிகளெல்லாம் வலக்கைக்காரருக்குச் செய்தவை. இவள் இடக்கை.

"பரவாயில்லை, பழகுவன். எங்கட குடும்பத்திலை துவக்குத் தூக்கிற முதல் ஆள் நான்தான், என்னம்மா?" என்று சிரித்தாள்.

"ஓம்" என்றேன்.

அதைப் பூட்டிவைக்கும் இரும்பு அலுமாரியைச் சுவரோடு இறுக்க வேண்டுமாம். வீட்டில் அதற்குத் தோதான சுவர் ஒன்றுதான். அதில் செத்துப்போன என் தம்பியின் படம் தொங்கியது. அவளே கழற்றித் துடைத்தாள்.

"மாமா வடிவாச் சிரிக்கிறார். ஏன் நெஞ்சுக்குக் கீழை படத்தை வெட்டியிருக்கு?"

"பிரேம் சின்னன், பிள்ளை."

வெட்டியது நான்தான். அந்தக் கீழ்த்துண்டு என் பழைய பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது. அவள் படுத்தபிறகு எடுத்துப் பார்த்தேன். துவக்கின் விசையில் இருப்பது தம்பியின் இடக்கை விரல்.