ஐந்தாவது சீசன்

வியாழன், இரவு.

மில்லில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது. படுக்கத்தான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் அந்தக் காமெடித் தொடரின் ஐந்தாவது சீசனைப் போட்டுவிட்டார். ஒரே காம்பவுண்டில் குடியிருக்கும் கிறுக்குக் கூட்டத்தின் கதை. முன்பெல்லாம் தன் தம்பி முருகனோடுதான் பார்ப்பார். கயத்தாறு ரோட்டில் பைக் விபத்தில் தம்பி இறந்தபின் அதைத் தொடவில்லை. தம்பி பேரையும் எடுத்ததில்லை.

இன்றைய கதையில், வாடகை கேட்க வந்த வீட்டு ஓனரையே பிடித்து உட்காரவைத்து வெங்காயம் உரிக்க வைத்தார்கள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பயந்து அவரைப் பார்த்தேன். அவரும் கண்ணைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முருகன் உருண்டு சிரிச்சிருப்பாம்லா," என்றார்.

"ஆமா. அவுக சிரிக்கிற சத்தத்துல நமக்கு வசனமே கேட்டிருக்காது."

"அடுத்தது போடுதேன். உறக்கம் வருதா?"

"போடுங்க."

பாதியில் எழுந்து வந்துவிட்டேன். கண் சொருகுகிறது. அவர் இன்னும் சிரிப்பது கேட்கிறது.