விதைக்கு வைத்த மல்லாட்டை

காணை

மாமாவுக்கு,

போனில் சொன்னால் நம் பெண் காதில் விழும், அதனால் எழுதுகிறேன். அவள் மனசு சரியில்லை, பூச்சிமருந்தை வீட்டில் வைக்க வேண்டாமென்று அவள் பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னார். உங்கள் அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டேன்.

அவளுக்கு மந்திரித்து வேப்பிலை அடித்தால் சரியாகாதா என்று டீச்சரிடம் கேட்டேன்.

"அதுவும் பண்ணுங்கம்மா. ஆனா அவ பேச ஆரம்பிச்சா பாதியில எழுந்து போயிடாதீங்க. கேட்டுக்கினே இருங்க" என்றார்.

நேற்று நான் மல்லாட்டை உரிக்கையில் வந்து உட்கார்ந்தாள். உரித்தபடியே பேசினாள். பாதிப் பேச்சில் மல்லாட்டை தீர்ந்துவிட்டது. எழுந்தால் நிறுத்திவிடுவாளே! விதைக்கு வைத்த மூட்டையை இழுத்து அவிழ்த்தேன்.

விதைப்புக்கு இன்னும் நாளிருக்கிறது. இப்போதே உரித்தது முளைக்காது, தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள். திண்டிவனத்திலிருந்து வரும்போது விதைக் கடலை வாங்கி வாருங்கள். தோலோடு வாங்குங்கள். நீங்களும் எங்களோடு உட்கார்ந்து உரிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி