மாடியில் குதிக்கிறாள்

ஜூன் 9

அன்புள்ள தங்கைக்கு,

காலையில் நான் அச்சகத்திலிருந்து வருவதற்குள் நீ தையல் கூடத்துக்குப் போய்விடுகிறாய். நீ திரும்பும்போது நான் கிளம்பிவிடுகிறேன். அதனால்தான் இந்தச் சீட்டு.

நேற்றுப் பகல் தூக்கம் கலைந்து வெளியே வந்தேன். பள்ளி விட்டு வந்த உன் மகள் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "என்னடி?" என்றால், "கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன் மாமா" என்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? மாடிக்குப் போனதும் டேப்லெட்டைப் பிடித்தவள், அப்புறம் தலை நிமிரவில்லை.

செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய். அதைப் பிடுங்கி என் பீரோவில் பூட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டு வராதே.

உன் அண்ணன்


ஜூன் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

பூட்டியது நல்லது. சாவியையும் தொலைத்துவிடு. ஆனால் நான் கெடுத்தேன் என்றாயே, அதை என்னால் விழுங்க முடியாது.

டேப்லெட்டை வாங்கி வந்தது யார்? அவள் கட்டிலிலிருந்து குதித்துக்கொண்டிருந்த காலத்தில் நீ கீழிருந்து துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாய். ஒருநாள் பெட்டியோடு மேலே வந்து, "இதக் குடு, அக்கடான்னு உக்காந்திருப்பா" என்றாய். உட்கார்ந்தேவிட்டாள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

வாசல் முழுக்க வண்டிகள், தெருவில் லாரிகள். அவளுக்கு இருப்பது மாடி மட்டும்தான். ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நாளையிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் குதிப்பாள். மெதுவாகக் குதி என்று நான் சொல்லப்போவதில்லை.

என் வீட்டுக்காரர் போன பிறகு எங்களுக்கு இடம் கொடுத்தவன் நீ. அந்த நன்றி சாகும்வரை உண்டு. அதற்காக என் மகளின் காலைக் கட்டிப்போட மாட்டேன்.

உன் தங்கை


ஜூன் 16

தங்கைக்கு,

வீடா இது, மாவு மில்லா? கண்ணை மூடினால் தலைக்கு மேல் தொப்பு தொப்பென்று சத்தம். நேற்று இயந்திரத்தின் முன் நின்றபடியே கண் செருகிவிட்டது. உருளைக்குள் கை போகப் பார்த்தது. பக்கத்தில் நின்றவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். என் கை போனால் நாம் மூன்று பேரும் எங்கே போய் நிற்பது?

டேப்லெட்டை சார்ஜ் போட்டு உன் வாசலில் வைத்திருக்கிறேன். ஒரு மாதம் மட்டும் கொடு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணன்


ஜூன் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கையைப் பற்றிப் படித்ததும் பயந்துபோனேன். அது உண்மை. இதுவும் உண்மை: அன்று நான் வருவதற்குள் அவள் நீ வைத்த டேப்லெட்டில் மூழ்கிவிட்டாள். கயிறு மூலையில் கிடந்தது. பிடுங்கினேன். ஊரே கூடும்படி அழுதாள். முதல் நாள் நாலு குதியில் சுருண்டு உட்கார்ந்தவள் இப்போது நிற்காமல் குதிக்கிறாள். அவளை மறுபடி உட்கார வைக்க நீ கெஞ்சினாலும் மாட்டேன், மிரட்டினாலும் மாட்டேன்.

உனக்குத் தூக்கம் வேண்டும், அவளுக்குத் தரை வேண்டும். அப்படியிருக்க, குதிக்கிறவள் மேலே, தூங்குகிறவன் கீழே, இது என்ன கணக்கு? கீழ்வீடு மூத்தவனுக்கு என்று அப்பா சொன்னார். சொன்னவர் பகலில் தூங்கியதே இல்லை. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால் நீ முடியாது என்பாய். அதனால் கேட்கவில்லை.

நேற்று அரை நாள் லீவு போட்டு உனக்காக வெளிச்சம் புகாத ஜன்னல் திரை தைத்தேன். நீ அச்சகம் போனதும் மாற்றுச் சாவியால் உன் கதவைத் திறந்தேன். உன் கட்டில், பீரோ எல்லாம் இப்போது மாடியில், எங்கள் சாமான்கள் கீழே. பீரோவைத் தூக்க இஸ்திரிக் கடைக்காரர் ஆள் கூட்டி வந்தார். உன் துணிமணி அத்தனையும் சுமந்து படியேறியது உன் மருமகள். மாடி ஜன்னலில் அந்தத் திரையை மாட்டியிருக்கிறேன். டேப்லெட் உன் தலைமாட்டில் இருக்கிறது, நீயே வைத்துக்கொள்.

கதவில் ஒட்டிய இதைப் படிக்கும்போது உனக்குக் கோபம் பொங்கும். பொங்கட்டும். முதலில் மேலே போய்த் தூங்கு. நான் இன்று வேலைக்குப் போகவில்லை. எழுந்ததும் பதில் எழுதிக்கொண்டிருக்காதே. இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துத் திட்டு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு உன் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது, அண்ணா.

கீழ்வீட்டிலிருந்து,
உன் தங்கை